பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறதா? போல்ட் மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

கேள்வி: 'எங்கள் பழைய காரில்தான் காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். பின் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்ந்து, ஆறே மாதத்தில் கம்பி வெளியே வந்துவிட்டது. ஒருவர் பின் சக்கரத்துக்கு அலைன்மென்ட்டே கிடையாது என்கிறார். இன்னொருவர் போல்ட்டை மாற்றினால் சரியாகும் என்கிறார். எதை நம்புவது?' - வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டாரம்.

பதில்: இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரியாமல் செலவு செய்தால் பணமும் போகும், ஆபத்தும் அப்படியே இருக்கும். இந்த வாசகி குடும்பத்தின் அனுபவத்தைப் படித்தால் விஷயம் தெளிவாகும்.

கணவனும் மனைவியும் இரண்டரை ஏக்கரில் கத்தரி, அவரை, சின்ன வெங்காயம் வைத்திருக்கிறார்கள். சந்தை 18 கிலோமீட்டர் தூரம். லோடு ஆட்டோ வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஒரு பழைய செடான் காரை வாங்கினார்கள். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டையை அடுக்குவார்கள். ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருவதால், எடை சமமாக இருக்கட்டும் என்று கனமான மூட்டைகளை எப்போதும் இடப்பக்கம் வைப்பார்கள். ஆள் ஏறும் நாளில் சீட் திரும்ப மாட்டப்படும்.

சித்திரையில் 6,800 ரூபாய் கொடுத்துப் பின்னால் இரண்டு புது டயர் போட்டார்கள். ஐப்பசி மழையில் ஒருநாள் மாமியாரை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது, வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. கார் அரை வட்டம் அடித்து, ஒரு புளிய மரத்துக்கு நாலடி முன்னால் நின்றது. பின் சீட்டில் மாமியாரும் பத்து வயது மகளும் இருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

மறுநாள் பஞ்சர் கடைக்காரர் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, டயரின் உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தார். "அண்ணே, இங்க தொட்டுப் பாருங்க. கம்பி கையில குத்துது" என்றார். வெளிப்பக்கம் பட்டன் பட்டனாகப் புதுசு போலவே இருந்தது. நின்றபடி பார்க்கும் யாருக்கும் உள்பக்கம் தெரியாது. ஆறு மாதமும் அந்த டயரைப் பார்த்துக்கொண்டேதான் வண்டியில் ஏறியிருக்கிறார்கள்.

டயர் சொல்லும் சேதி

நெல் வயல் மஞ்சளானால் உடனே யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அடி இலை, அதாவது முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். இளம் இலை வெளுத்தால் இரும்புச்சத்தோ கந்தகச்சத்தோ குறைந்திருக்கலாம். தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் பயிர் மஞ்சளாகத்தான் தெரியும். எந்த இலை, எந்த இடம் என்று பார்த்துத்தான் மருந்து. டயரும் அப்படித்தான். தேய்ந்திருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, அல்லது அந்தக் காற்றுக்கு மீறிய பாரம். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், சக்கரம் பேலன்ஸ் இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் இரண்டு கோணங்களைச் சந்தேகப்பட வேண்டும். ஒன்று கேம்பர். வண்டிக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பது அது. மேல்பாகம் வண்டியின் உள்பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்தால் டயரின் உள்ஓரம் தேயும். இன்னொன்று டோ. மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் போகும் திசையை நேராகப் பார்க்கிறதா என்பது அது. சக்கரங்களின் முன்முனை வெளிப்பக்கம் விரிந்தால் உள்ஓரம் தேயும். உள்பக்கம் ஒடுங்கினால் வெளிஓரம் தேயும்.

இரண்டையும் பிரித்தறியக் கையே போதும். டயர் ஆறியிருக்கும்போது பட்டன்களின் மேல் குறுக்குவாட்டில் உள்ளங்கையைத் தடவுங்கள். கம்பி தெரிகிற இடத்தைத் தொட வேண்டாம். ஒரு பக்கம் போகும்போது வழவழப்பாகவும், திரும்பி வரும்போது அரம் போலச் சுரசுரப்பாகவும் இருந்தால் டோ கோளாறு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக ஓரம் மட்டும் இறங்கியிருந்தால் கேம்பர் கோளாறாக இருக்கலாம். பல வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

டோ சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சக்கரம் அரைப் பாகை திரும்பியிருந்தால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்த டயர் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டதற்குச் சமம். 36 கிலோமீட்டர் சந்தைக்குப் போய் வந்தால் 300 மீட்டருக்கு மேல். ரப்பரைத் தார் ரோட்டில் அவ்வளவு தூரம் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

எல்லா வண்டிக்கும் ஒரே வைத்தியம் இல்லை

'பின் சக்கரத்துக்கு அலைன்மென்ட் கிடையாது' என்பது சில வண்டிகளுக்குச் சரி. அம்பாசடர், ஆம்னி போன்றவற்றில் பின் ஆக்சில் ஒரே தண்டு. அது பட்டை ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே திருப்பிச் சரிசெய்ய எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்பிரிங்கின் நடு போல்ட் உடைந்தால், யு போல்ட் தளர்ந்தால், ஆக்சிலே நகர்ந்து கோணலாகும். அதைச் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் முறுக்குத் தண்டு ஆக்சில் இருக்கிறது. இதில் இரண்டு சக்கரத்தையும் ஒரு வளையும் தண்டு இணைக்கும். இதிலும் திருப்புகிற போல்ட் கிடையாது. தண்டு வளையாமல் இருந்து கோணம் மட்டும் கொஞ்சம் தப்பியிருந்தால், சக்கர ஹப்புக்கும் தண்டுக்கும் இடையே சரிவான தகடு வைத்துச் சரிசெய்யலாம். தண்டே வளைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாவது வகை, பின்னாலும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்ட்ரட் வைத்த கார். வாசகியின் கார் இந்த வகை. ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்புப் பாகத்தோடு இரண்டு போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். போல்ட் மாற்றும் வைத்தியம் இங்கேதான் செல்லும். ஆகவே, வண்டி எந்த வகை என்று தெரியாமல் கடையில் போல்ட் வாங்காதீர்கள்.

போல்ட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

பஞ்சர் கடைக்குப் பிறகு இந்தக் குடும்பம் ஒரு பட்டறைக்குப் போனது. அங்கே இருந்த இளைஞர், ஸ்ட்ரட்டின் துளையை அரத்தால் ராவி நீளமாக்கி, சக்கரத்தை நிமிர்த்திவிடலாம், அரை நாள் வேலை என்றார். கணவர் சம்மதிக்கும் நிலையில் இருந்தார். மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. சித்திரையில் போட்ட டயர் ஏன் தேய்ந்தது என்று யாருமே சொல்லவில்லையே என்று கேட்டார். வேறொரு பட்டறையில் இருந்த வயதான மெக்கானிக்கிடம் போனார்கள்.

அவர் வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, நாலு டயரிலும் சரியான காற்று வைத்தார். பிறகு டேப்பை எடுத்து, தரையிலிருந்து பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரத்தின் வளைவு வரை அளந்தார். வலப்பக்கம் 64 சென்டிமீட்டர். இடப்பக்கம் 61.5.

"தம்பி, மூட்டைய எந்தப் பக்கம்பா வப்ப?"

"இடப்பக்கம்தான் அண்ணே."

"அதான் ஸ்பிரிங் உக்காந்துபோச்சு. ஸ்பிரிங் உக்காந்தா சக்கரம் தலையை உள்ள சாய்க்கும்."

அடுத்துக் கொத்தனார்கள் வைக்கும் தூக்குக்குண்டை எடுத்தார். தகர வளைவிலிருந்து சக்கரத்துக்கு வெளியே நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் எவ்வளவு, கீழ் விளிம்புக்கும் எவ்வளவு என்று ஸ்கேலால் அளந்தார். 13 அங்குல ரிம்மில் இந்த இரண்டு அளவுக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் சாய்வு சுமார் ஒரு பாகை. வலப்பக்கம் 6 மில்லிமீட்டர் வந்தது. இடப்பக்கம் 15. அதாவது இரண்டரைப் பாகைக்குக் கொஞ்சம் குறைவு. இது மெஷினுக்கு மாற்று இல்லை. ஆனால் கோளாறு இருக்கிறதா, எந்தப் பக்கம் அதிகம் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள இது போதும்.

பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பேரிங் ஆட்டம் இல்லை. அடியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மில் இருந்த ரப்பர் புஷ் இடப்பக்கம் கிழிந்து, இரும்பு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. வண்டி ஓடும்போதெல்லாம் அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பியிருக்கிறது. டயரில் அரம் போன்ற சுரசுரப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஒன்றரை வருடத்தில் மூன்று முறை முன் சக்கரத்துக்கு அலைன்மென்ட் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சில வாரத்தில் ஸ்டீயரிங் மறுபடி கோணலாக நின்றது. பின் சக்கரங்கள் ஒரு பக்கமாகத் தள்ளினால் வண்டி நண்டு போலச் சாய்ந்து ஓடப் பார்க்கும். அதை நேராக ஓட்ட ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டிவரும். கோளாறு பின்னால் இருக்க, வைத்தியம் முன்னால் நடந்திருக்கிறது.

போல்ட் எப்படி வேலை செய்கிறது?

முதலில் பின் ஸ்பிரிங் இரண்டையும் ஜோடியாக மாற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் உயரம் மறுபடி ஏறுமாறாகும். கிழிந்த புஷ் மாற்றப்பட்டது. புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால், இறக்கிவிட்டதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இதற்குப் பிறகு நாலு சக்கரத்தையும் அளக்கும் மெஷினில் ஏற்றியபோது, வலப்பக்கம் வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்குள் வந்துவிட்டது. இடப்பக்கம் மட்டும் கேம்பர் இன்னும் முக்கால் பாகை அதிகமாக இருந்தது. நக்கிளிலும் ஸ்ட்ரட்டிலும் வளைவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். வளைவு இல்லை. அப்போதுதான் போல்ட்டுக்கு வேலை வந்தது.

கேம்பர் போல்ட் என்று கேட்டால் கிடைக்கும். சாதாரண போல்ட்டின் தண்டு ஒரே உருளை. இதன் தண்டு கொஞ்சம் மெலிவு, ஒரு இடத்தில் மட்டும் ஒருபக்கமாகப் புடைத்திருக்கும். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றுக்குப் பதிலாக, பெரும்பாலும் மேல் போல்ட்டுக்குப் பதிலாக, இதைப் போடுவார்கள். இதைத் திருப்பும்போது புடைப்பு நக்கிளின் மேல்பாகத்தை வெளியே அல்லது உள்ளே தள்ளும். பொதுவாக ஒன்றரைப் பாகை வரை திருத்தம் கிடைக்கும். முக்கால் பாகைக்கு ஒரே ஒரு போல்ட் போதும்.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. துளையின் அளவுக்கும் வண்டி மாடலுக்கும் பொருந்தும் போல்ட்தான் வாங்க வேண்டும். 12 மில்லிமீட்டர் துளையில் 10 மில்லிமீட்டர் சாதா போல்ட்டை மாட்டி இடைவெளியில் சக்கரத்தை நிமிர்த்துவது உயிருக்கு உலை.

2. போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் இருக்கும். எண் கூடினால் வலு கூடும். கேம்பர் போல்ட்டின் தண்டு மெலிவு என்பதால் இரும்பு உயர்ந்த வகையாக இருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட்டைத் தொடாதீர்கள்.

3. இந்த இணைப்பைத் தாங்குவது போல்ட் துளையில் இருப்பது மட்டுமல்ல. இரண்டு இரும்பையும் அது எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பதே முக்கியம். துரு, பெயின்ட், மண் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் பூட்ட வேண்டும். போல்ட்டோடு வந்த தாளில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். குறைந்தால் பள்ளத்தில் விழும்போது நக்கிள் நழுவும். கூடினால் போல்ட் நீண்டு பலம் இழக்கும்.

4. கூட வரும் நாக்கு வைத்த வாஷரையும் புது லாக் நட்டையும் போட வேண்டும். கழற்றிய பழைய லாக் நட்டைத் திரும்பப் போடக் கூடாது.

5. இரண்டாவது போல்ட்டையும் தளர்த்தினால்தான் நக்கிள் நகரும். கோணம் வந்த பிறகு அதையும் அதற்கான அளவுக்கு இறுக்கினார்களா என்று கேளுங்கள். மறக்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

6. இறுக்கிய பிறகு போல்ட் தலைக்கும் இரும்புக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சில நாள் ஓடியபின் கோடு விலகியிருந்தால் போல்ட் திரும்பிவிட்டது என்று பார்த்ததும் தெரியும்.

அரத்தால் துளையை நீளமாக்குவது ஏன் கூடாது என்பதும் இப்போது புரியும். ஸ்ட்ரட் கெட்டியாகச் செய்யப்பட்ட இடமே மெலிந்துபோகும். நகர்ந்த சக்கரத்தை நிறுத்திவைக்க அங்கே புடைப்பும் இருக்காது, வாஷர் நாக்கும் இருக்காது.

கேம்பருக்குப் பின் டோ

கேம்பரைத் திருப்பினால் டோவும் மாறும். போல்ட்டை மாட்டிவிட்டு மெஷினில் ஏற்றாமல் வீட்டுக்கு வந்தால், ஒரு கோளாறை நீக்கி இன்னொன்றை வாங்கியதாக முடியும். வரிசை இதுதான்: முதலில் பின் கேம்பர், அடுத்துப் பின் டோ, அதன் பிறகே முன் சக்கரங்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் மெஷின் தரும் தாள் இரண்டையும் கேட்டு வாங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனை முடிவைப் பத்திரப்படுத்துவது போலத்தான் இதுவும்.

ஸ்பிரிங், புஷ், ஒரு கேம்பர் போல்ட், அலைன்மென்ட், மறுபடி இரண்டு டயர் என்று இந்தக் குடும்பத்துக்கு ஒரு வெங்காய அறுவடையின் லாபத்தில் கணிசமான பங்கு போனது. அதன் பிறகு பாரத்தைக் குறைத்துவிட்டார்கள். கார் பாரம் ஏற்றும் வண்டி இல்லை. டயரில் எழுதிய எடை அளவும், வண்டிக் கையேட்டில் சொன்ன எடை அளவும் அழகுக்காக அச்சிட்டவை இல்லை. இப்போது மூட்டை அதிகமான நாளில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இருவரோடு சேர்ந்து லோடு ஆட்டோ பிடிக்கிறார்கள். கூடை இரண்டு மூன்று என்றால் மட்டும் கார். அதையும் நடுவில் வைக்கிறார்கள்.

கூடவே கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

தேய்ந்த டயரை முன்னால் மாற்றிப் போட்டால் போதாதா?

டயரை இடம் மாற்றுவது தேய்மானத்தைப் பங்கு போடும், நோயைத் தீர்க்காது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன கார் டயரை ஓட்டுவது சட்டப்படியும் தவறு. பள்ளத்துக்குள் சின்ன மேடாக ஓர் அடையாளம் இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. கம்பி தெரிந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைக்கக் கூடாது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்னால் போகட்டும். ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கடினம்.

டிராக்டர் டிரெய்லரின் டயரும் ஒரு பக்கம் தேய்கிறதே?

இரண்டு சக்கர டிரெய்லர் என்றால் டேப்பை எடுத்து, கொக்கி மாட்டும் துளையின் நடுவிலிருந்து ஆக்சிலின் இரண்டு முனைக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லை என்றால் ஆக்சில் கோணலாக இருக்கிறது. யு போல்ட், ஸ்பிரிங்கின் நடு போல்ட் இரண்டையும் முதலில் பார்க்கவும். அளவு சமமாக இருந்தும் தேய்ந்தால் ஆக்சில் தண்டு பாரத்தில் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு பாதுகாப்பு. வண்டிக்கு அடியில் வேலை நடக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. செங்கல்லும் கருங்கல்லும் பாரத்தில் உடைந்து சிதறும். இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும். கேம்பர் போல்ட் மாற்றுவதை வீட்டில் செய்ய வேண்டாம். அளப்பதையும் தடவிப் பார்ப்பதையும் வீட்டில் செய்யுங்கள்.

வாசகியின் வீட்டில் இப்போது ஒரு புது வழக்கம். அமாவாசைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பழத்தை வைக்கும் முன் மகள் குனிந்து, நாலு டயரின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். பார்த்ததை அம்மா கணக்கு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்கிறார். கார், வேன் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இதைச் செய்யலாம். ஐந்து நிமிட வேலைதான்.